எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிக்கு வைரஸ் மருந்தாகுமா?

பாக்டீரியாவை மட்டும் தேடிப் பிடித்து அழிக்கும் வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர். ஆன்டிபயாடிக் கேட்காத தொற்றுகளுக்கு இவற்றைக் கொண்டு சிகிச்சை செய்யலாமா என்று வந்திருந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியாக எடுத்த கல்சர் ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா என்று போட்டு, ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் எதிர்ப்பு என்று எழுதியிருக்கிறார்கள். ஜார்ஜியா நாட்டில் ஃபேஜ் மருந்து பாட்டிலில் விற்கிறார்களாமே, வரவழைத்துக் கொடுக்கலாமா?

பதில்: அப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் இணையத்தில் தேடுகிறவர்களின் மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனாலும், பாட்டிலை வரவழைத்து நீங்களாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஜார்ஜியாவின் தலைநகரம் டிபிலிசியில் இருக்கும் எலியாவா நிறுவனம் 1923இல் தொடங்கியது, ஃபேஜ் சிகிச்சையில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் வேறு யாருக்கும் கிடையாது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடையில் கிடைக்கும் ஃபேஜ் கலவை என்பது பொதுவாகக் காணப்படும் சில பாக்டீரியா ரகங்களை மனத்தில் வைத்துச் செய்தது. ஒரு ஃபேஜ் எல்லா கிளெப்சியெல்லாவையும் கொல்லாது. பல நேரம் ஒரே இனத்திலேயே ஒரு சில ரகங்களைத்தான் கொல்லும், ஏனென்றால் பாக்டீரியாவின் மேற்பரப்பில் இருக்கும் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைப் பற்றிக்கொண்டால்தான் அதற்குள் தன் மரபணுவைச் செலுத்த முடியும், கிளெப்சியெல்லாவைச் சுற்றியிருக்கும் சர்க்கரை உறையோ ரகத்துக்கு ரகம் மாறும். உங்கள் அம்மாவின் கிருமி மீது அந்தக் கலவை வேலை செய்யுமா என்று ஆய்வகத்தில் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். புரோஸ்டேட் அறுவை சிகிச்சைக்குத் தயாராக இருந்த, சிறுநீர்த் தொற்றுள்ள ஆண்களிடம் அதே டிபிலிசியில் ஒரு முறையான ஆய்வு நடந்தது, முடிவுகள் 2021இல் அச்சில் வந்தன. சிறுநீர்ப்பைக்குள் ஃபேஜ் செலுத்தப்பட்டவர்களுக்கும், ஃபேஜ் இல்லாத வெறும் திரவம் செலுத்தப்பட்டவர்களுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. அதனால் ஃபேஜே பயனற்றது என்று முடிவுகட்ட முடியாதுதான், ஆனால் ‘வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் இல்லை.

இப்போது நீங்கள் செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன. முதலில், அம்மாவுக்குக் காய்ச்சல், எரிச்சல், அடிவயிற்று வலி ஏதாவது இருக்கிறதா, இல்லை ரிப்போர்ட்டில் மட்டும்தான் கிருமி இருக்கிறதா என்று மருத்துவரிடம் பேசுங்கள். வயதானவர்களுக்கும் சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர்களுக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா இருப்பது சகஜம், பெரும்பாலும் அதற்கு மருந்தே தேவைப்படாது, தேவையில்லாமல் கொடுக்கிற ஒவ்வொரு கோர்ஸும் கிருமியை இன்னும் முரட்டுத்தனமாக்கும். உண்மையிலேயே தொற்றுதான் என்றால், அது ஏன் திரும்பி வருகிறது, கல் இருக்கிறதா, சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியிடம் எந்த மருந்தும் சுலபமாகப் போய்ச் சேராது. தொற்றுநோய் நிபுணர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம், ஆய்வகத்தில் கேட்டு அந்தப் பாக்டீரியா மாதிரியை உறைநிலையில் பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள். பிற்பாடு ஃபேஜ் சிகிச்சைக்குப் போகும் நிலை வந்தால் முதலில் கேட்பது அந்த மாதிரியைத்தான், பல இடங்களில் அது சில நாட்களிலேயே தூக்கி எறியப்பட்டுவிடுகிறது.

கேள்வி: வைரஸ் என்றாலே பயமாக இருக்கும்போது அதைப் போய் ரத்தத்தில் ஏற்றுவதா? நம் உடம்பின் செல்களை அது தாக்காதா?

பதில்: தாக்காது. ஃபேஜ் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள் பாக்டீரியாவின் மேற்பரப்பில் இருப்பவை, நம் செல்களின் மேல் அவை இல்லை. தப்பித்தவறி உள்ளே போனாலும் அதன் மரபணுவை வைத்துக்கொண்டு நகலெடுக்கும் ஏற்பாடு நம் செல்லில் கிடையாது. நம் குடலிலும் தோலிலும் வாயிலும் இந்த நிமிடமே கணக்கில்லாத ஃபேஜ்கள் இருக்கின்றன. பூமியில் உள்ள ஃபேஜ்களின் எண்ணிக்கை தோராயமாக 1-க்குப் பக்கத்தில் 31 பூஜ்ஜியம் போட்டால் வருவது என்பார்கள். அவற்றோடுதான் பிறந்ததிலிருந்து வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஃபேஜை வளர்க்க வேண்டுமென்றால் பாக்டீரியாவுக்குள்தான் வளர்க்க முடியும். அரை மணி நேரம்போல உள்ளேயே பெருகி, செல்சுவரை உடைத்துக்கொண்டு நூறு, இருநூறு குட்டி ஃபேஜ்கள் வெளியே வரும்போது, செத்த பாக்டீரியாவின் சிதைவுகளும் சேர்ந்தே வரும். அதில் எண்டோடாக்ஸின் என்ற நச்சுப்பொருள் இருக்கும், கொஞ்சம் ரத்தத்தில் கலந்தாலும் கடும் காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். அதை நீக்கிச் சுத்தம் செய்வதுதான் இந்த வேலையில் பாதி. ஆய்வகத்தில் வளர்த்ததை அப்படியே வடிகட்டி ஊசியில் எடுத்துவிட முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எல்லா ஃபேஜும் பாக்டீரியாவை உடனே கொன்றுவிடுவதில்லை. சில ஃபேஜ்கள் தங்கள் மரபணுவைப் பாக்டீரியாவின் மரபணுவோடு சேர்த்துவிட்டு அமைதியாகத் தங்கிவிடும், அப்படித் தங்கும்போது சில நேரம் பாக்டீரியாவுக்குப் புதிய ஆயுதமும் கொடுத்துவிடும். காலரா கிருமியின் நச்சுக்கான மரபணு ஒரு ஃபேஜ் கொண்டுவந்து சேர்த்ததுதான், தொண்டை அடைப்பான் கிருமியின் நச்சும் அப்படியே. அதனால் சிகிச்சைக்கு எடுக்கும் ஃபேஜின் மரபணுவை முழுதாகப் படித்துப் பார்த்து, இப்படித் தங்கும் வகை இல்லை, நச்சு மரபணுவோ மருந்து எதிர்ப்பு மரபணுவோ அதில் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் நோயாளியிடம் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: நூறு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்த ஒன்றை இன்னும் ‘ஆய்வில் இருக்கிறது’ என்றே சொல்கிறார்களே, ஏன்? மருந்து கம்பெனிகள் அமுக்கிவிட்டனவா?

பதில்: அமுக்கியதாக நான் நினைக்கவில்லை. நடந்தது அதைவிடச் சாதாரணமானது, அதைவிட வருத்தமானதும்கூட. 1915இல் பிரிட்டனில் ஃபிரெடெரிக் ட்வார்ட்டும், 1917இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டெரெலும் தனித்தனியாக ஃபேஜ்களைக் கண்டார்கள். டெரெல் 1919இல் சீதபேதியில் கிடந்த ஒரு சிறுவனுக்குக் கொடுத்துப் பார்த்தார், அதற்கு முன்னால் பாதுகாப்பானதா என்று அறியத் தானும் சக மருத்துவர்களும் குடித்துப் பார்த்தார். சிறுவன் தேறினான். அதற்குப் பிறகு எல்லோரும் ஃபேஜ் விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஃபேஜ் என்பது என்ன பொருள் என்றே அப்போது யாருக்கும் தெளிவில்லை, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் உருவத்தைப் பார்த்ததே 1940 வாக்கில்தான். எந்தக் கிருமிக்கு எந்த ஃபேஜ் என்று பொருத்திப் பார்க்காமலும், சுத்தம் செய்யாமலும், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நோயாளிக் குழு இல்லாமலும் கொடுத்தால் என்ன ஆகும்? சிலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை. 1934இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான பெரிய மதிப்பாய்வு, ஆதாரம் போதாது என்று கடுமையாகச் சொன்னது. அடுத்த பத்து வருடத்தில் பெனிசிலின் பெருமளவில் வந்துவிட்டது. ஒரே மருந்து பல கிருமிகளைக் கொல்லும்போது, கிருமிக்குக் கிருமி வேறு வேறாகத் தேட வேண்டிய ஒன்றை யார் கையில் எடுப்பார்கள்?

சோவியத் பகுதிகளிலும் போலந்திலும் மட்டும் விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். டிபிலிசி நிறுவனத்தைத் தொடங்கிய கியோர்கி எலியாவா 1937இல் ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார், இருந்தும் அவரோடு வேலை செய்தவர்கள் அந்தச் சேகரிப்பைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அந்த மனிதர்களுக்கு உலகம் பெரிதாகக் கடன்பட்டிருக்கிறது என்பேன்.

மேற்கில் ஃபேஜை முழுதாக மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. மரபணு என்பது டிஎன்ஏதான் என்று உறுதிப்படுத்திய 1952ஆம் ஆண்டுச் சோதனை ஃபேஜை வைத்துத்தான் நடந்தது. மூலக்கூறு உயிரியல் என்ற துறையே ஃபேஜ் ஆய்விலிருந்துதான் எழுந்தது என்று சொன்னால் மிகையில்லை. மருந்தாக மட்டும் அதை விட்டுவிட்டார்கள்.

கேள்வி: ஆன்டிபயாடிக்கையே ஏமாற்றிய பாக்டீரியா, ஃபேஜை மட்டும் ஏமாற்றாதா?

பதில்: ஏமாற்றும், நிச்சயமாக ஏமாற்றும். ஆய்வகத் தட்டில் ஒரே இரவில்கூட ஃபேஜுக்கு அடங்காத பாக்டீரியா முளைத்துவிடும். இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பாக்டீரியா தப்பிக்க வழக்கமாகச் செய்வது, ஃபேஜ் பற்றிக்கொள்ளும் மூலக்கூறை மாற்றுவது அல்லது உதிர்த்துவிடுவது. ஆனால் அந்த மூலக்கூறு பாக்டீரியாவுக்கும் எதற்கோ தேவைப்பட்டதுதானே? சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமி ஆன்டிபயாடிக்கைத் தன் உடலுக்குள் தங்கவிடாமல் ஒரு பம்ப் வைத்து வெளியே தள்ளிவிடும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் சானும் பால் டர்னரும் ஒரு குளத்து நீரிலிருந்து எடுத்த ஃபேஜ் ஒன்று, அந்தப் பம்பின் ஒரு பகுதியையே பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது என்று 2016இல் காட்டினார்கள். வாசல் வழியாகத் திருடன் வருகிறான் என்று வாசலையே சுவரெழுப்பி அடைத்தால், வீட்டுக் குப்பையை வெளியே கொட்ட வழியில்லாமல் போகும் அல்லவா? பம்பை மாற்றிக்கொண்ட பாக்டீரியா ஃபேஜிடமிருந்து தப்பித்தது, ஆனால் முன்பு கேட்காத ஆன்டிபயாடிக்குகளுக்கு மறுபடியும் அடங்கத் தொடங்கியது. அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவிலும் இதுபோலப் பார்த்திருக்கிறார்கள்: ஃபேஜுக்குத் தப்ப உறையைக் கழற்றிப் போட்ட ரகங்கள் ஆன்டிபயாடிக்குக்கும் நம் உடலின் தற்காப்புக்கும் சுலபமாக மாட்டின. எப்போதும் இப்படி நடக்கும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் அப்படி நடக்கிற மாதிரி ஃபேஜைத் தேர்ந்தெடுக்க முடியும். பாக்டீரியா எந்தப் பக்கம் ஓடினாலும் நமக்கு லாபம் வருகிற மாதிரி வழியை அமைப்பது என்பது ஆன்டிபயாடிக் காலத்தில் நாம் யோசித்தே பார்க்காத விஷயம்.

அதனால்தான் ஃபேஜையும் ஆன்டிபயாடிக்கையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். ஃபேஜ் வந்தால் ஆன்டிபயாடிக் ஒழிந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஒரே ஃபேஜுக்குப் பதிலாக வேறு வேறு மூலக்கூறுகளைப் பற்றும் இரண்டு மூன்றைக் கலப்பதும் இதற்காகத்தான்.

நம் உடலும் சில நேரம் குறுக்கே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபேஜ் நமக்கு அந்நியப் பொருள், வாரக்கணக்கில் ரத்தத்தில் ஏற்றினால் சிலரின் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கி அதைச் செயலிழக்கச் செய்துவிடும். நுரையீரல் தொற்றுக்குச் சிகிச்சை பெற்ற வயதான ஒருவருக்கு முதல் மாதம் கிருமி குறைந்து, பிறகு இப்படி ஆன்டிபாடி வந்து பலனில்லாமல் போனது.

கேள்வி: ஆறுகளிலும் கழிவுநீரிலும் ஃபேஜ் நிறைய இருக்கிறது என்றால் ஆற்று நீரைக் குடிப்பதே மருந்துதானே? கங்கை நீரில் காலரா கிருமி செத்துப்போகும் என்று ஒரு வெள்ளைக்காரர் அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறாராமே?

பதில்: எழுதியிருக்கிறார், 1896இல் எர்னஸ்ட் ஹான்கின். கங்கை, யமுனை நீரில் காலரா கிருமி விரைவில் அழிகிறது என்றும், அந்த நீரைக் கொதிக்க வைத்தால் அந்தக் குணம் போய்விடுகிறது என்றும் குறிப்பிட்டார். ஃபேஜ்கள் எங்கே நிறைய இருக்கும் தெரியுமா? அவற்றுக்கு இரையாகும் பாக்டீரியா நிறைய இருக்கும் இடத்தில். ஆற்றில் காலரா ஃபேஜ் இருக்கிறது என்றால் காலரா கிருமியும் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். குடிக்காதீர்கள்.

கேள்வி: கோமாவில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார் என்பது போன்ற கதைகளாகவே வருகின்றன. பிழைத்தவர்களைப் பற்றி மட்டும் எழுதினால் எந்த வைத்தியமும் அற்புதமாகத்தான் தெரியும். உண்மையான ஆதாரம் இருக்கிறதா?

பதில்: நியாயமான கேள்வி. நீங்கள் குறிப்பிடும் கோமா நோயாளி டாம் பேட்டர்சன், கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 2015 இறுதியில் எகிப்துப் பயணத்தில் அசினெட்டோபாக்டர் பாமனீ தொற்றி, எதுவும் கேட்காத நிலைக்குப் போனார். தொற்றுநோய்ப் பரவலை ஆராயும் அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டீ பல ஆய்வகங்களுக்கு எழுதிக் கேட்டு, டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றும் அமெரிக்கக் கடற்படையும் ஃபேஜ் கொடுத்து, 2016 மார்ச்சில் சிகிச்சை தொடங்கியது. சில நாட்களில் அவருக்கு நினைவு திரும்பியது. நடுவில் அந்தக் கிருமி முதல் ஃபேஜ்களுக்கு எதிர்ப்பு காட்டியது, கடற்படை ஆய்வகம் கழிவுநீரில் இன்னொன்றைத் தேடியெடுத்துக் கொடுத்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலரும் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ இதில் முக்கியமாகப் படுவதே அதுதான், ஒரு மருந்தை வாங்கி வைத்திருந்தால் அந்தக் கட்டத்தில் கைவிரித்திருப்பார்கள், ஃபேஜ் தேடத் தெரிந்த ஆட்கள் இருந்ததால் அவர் பிழைத்தார்.

கதைகளைத் தள்ளிவைத்துப் பார்த்தால், பெல்ஜியம் ஒருங்கிணைத்த தொடர்ச்சியான 100 நோயாளிகளின் விவரம் 2024இல் வெளியானது. தொடர்ச்சியான என்பதைக் கவனியுங்கள், பிழைத்தவர்களைப் பொறுக்கி எடுக்கவில்லை. 77.2 சதவீதத் தொற்றுகளில் உடல்நிலை தேறியது, 61.3 சதவீதத்தில் குறிவைத்த கிருமி ஒழிந்தது, ஆன்டிபயாடிக் சேர்த்துக் கொடுக்காத இடங்களில் ஒழியும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. மைக்கோபாக்டீரியத் (காசநோய்க் கிருமி சேர்ந்த இனம்) தொற்றுள்ள 20 பேருக்கு பிட்ஸ்பர்க்கின் கிரஹாம் ஹேட்ஃபுல் குழுவினர் ஃபேஜ் கொடுத்ததில் 11 பேரிடம் நல்ல மாற்றம் தெரிந்தது. இவற்றில் எதிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை, அதனால் ஃபேஜ் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஏமாற்றமே. தீக்காயத் தொற்றுக்கு ஃபிரான்சிலும் பெல்ஜியத்திலும் நடந்த ஃபேகோபர்ன் ஆய்வில், 12 ஃபேஜ் கலந்த மருந்து வழக்கமான வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பைவிட மெதுவாகவே வேலை செய்தது. பிறகு பார்த்தால், தயாரித்த கலவை நிலையாக இருக்காமல் ஃபேஜின் அளவு பல்லாயிரம் மடங்கு குறைந்துபோய்த்தான் நோயாளியிடம் சேர்ந்திருக்கிறது. பன்னிரண்டு உயிர்ப்பொருள்களை ஒரே புட்டியில் நிலையாக வைப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த ஆய்வு எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது. தனித்தனி நோயாளிக்குப் பொருத்திக் கொடுத்தால் நம்பிக்கை தருகிறது, எல்லோருக்கும் ஒரே புட்டி என்றால் தடுமாறுகிறது, இதுவரை கிடைத்த ஆதாரத்தை நான் இப்படித்தான் படிக்கிறேன். மருந்து அனுமதிச் சட்டங்களோ எல்லோருக்கும் ஒரே புட்டி என்பதை வைத்தே எழுதப்பட்டவை. பெல்ஜியம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது, மருத்துவர் சீட்டு எழுத, மருந்தாளுநர் அந்த நோயாளிக்கென்றே கலந்து தரும் பழைய முறைக்குள் ஃபேஜையும் சேர்த்துக்கொண்டது. மற்ற நாடுகளும் இப்படி யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மருந்து எதிர்ப்பு பாக்டீரியாவே நேரடிக் காரணமாக 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். இதில் மெத்தனத்துக்கு இடமே இல்லை.

கேள்வி: டெங்கு, கொரோனா போன்றவற்றுக்கு ஃபேஜ் உதவுமா?

பதில்: உதவாது, அவை வைரஸ் நோய்கள். ஃபேஜுக்குத் தெரிந்தது பாக்டீரியா மட்டும்தான்.

கேள்வி: நான் நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஃபேஜ் ஆய்வு செய்ய ஆசை. சாக்கடைத் தண்ணீரைக் கிளறுகிற வேலை என்று கூடப் படிப்பவர்கள் கேலி செய்கிறார்கள். பெரிய ஆய்வகம் இல்லாமல் தொடங்க முடியுமா?

பதில்: தொடங்க முடியும், தாராளமாகத் தொடங்குங்கள். நவீன உயிரியலில் இவ்வளவு குறைந்த கருவிகளோடு புதிய ஒன்றைக் கண்டுபிடிக்க இடம்தரும் துறைகள் மிகக் குறைவு. கழிவுநீர் மாதிரியை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டால் பாக்டீரியா மேலே தங்கிவிடும், ஃபேஜ் கீழே இறங்கும். அதை உங்களிடம் உள்ள பாக்டீரியாவோடு மென்மையான அகார் என்ற ஜெல்லியில் கலந்து தட்டில் ஊற்றி ஒரு இரவு வைத்தால், தட்டு முழுக்கப் படர்ந்திருக்கும் பாக்டீரியாவின் நடுவே அங்கங்கே தெளிந்த வட்டங்கள் தெரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரு ஃபேஜில் தொடங்கி அதன் சந்ததி பாக்டீரியாவைத் தின்று தீர்த்த இடம். முதல் முறை பார்க்கும்போது மனம் துள்ளும். ஆனால் கல்லூரியில் ஆபத்தில்லாத பாக்டீரியாவில்தான் பழக வேண்டும், மருத்துவமனைக் கிருமிகளை அதற்கான பாதுகாப்பு வசதியும் அனுமதியும் உள்ள இடத்தில் மட்டுமே தொட வேண்டும், கழிவுநீரைக் கையாளும்போது கையுறை கட்டாயம்.

கேலி செய்கிறவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயோடு பிறந்து, நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் உடல் முழுக்கப் பரவிய பிரிட்டன் சிறுமி ஒருத்திக்கு 2018இல் மூன்று ஃபேஜ்களைக் கலந்து கொடுத்தார்கள், உடம்பெல்லாம் இருந்த புண்கள் மெல்ல மெல்ல ஆறின. அந்த மூன்றில் ‘மடி’ (Muddy) என்று பெயர் வைத்திருந்த ஃபேஜ், தென்னாப்பிரிக்காவில் ஒரு அழுகிய கத்திரிக்காயிலிருந்து எடுக்கப்பட்டது. ஹேட்ஃபுல்லின் சேகரிப்பில் இருக்கும் ஆயிரக்கணக்கான ஃபேஜ்களில் பெரும்பாலானவை உங்களைப் போன்ற இளநிலை மாணவர்கள் மண்ணிலும் குப்பையிலும் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவை, யாருக்கு எப்போது உதவும் என்று தெரியாமலே.

மரபணுத் தரவை கணினியில் படிக்கவும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கிடைத்த ஃபேஜ் தங்கும் வகையா கொல்லும் வகையா என்று பிரித்தறிய அது இல்லாமல் முடியாது. அப்புறம் ஒவ்வொரு மாதிரியையும் எங்கே, எந்தத் தேதியில் எடுத்தீர்கள், எந்தப் பாக்டீரியா ரகத்தில் வட்டம் வந்தது, எதில் வரவில்லை என்று விடாமல் குறித்து, சேமித்த குப்பியின் மேலும் எழுதி வையுங்கள்.